முப்பது மைக்ரான்

அந்த நோட்டீஸை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவள் புருஷன்தான். பின்னாளில் இதைச் சொல்லிக்காட்ட எத்தனையோ தடவை அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னதில்லை.

அப்போது அவள் மூன்று மாதமாக வீட்டில் இருந்தாள். அதற்கு முன்பு சட்டை தைக்கும் ஃபேக்டரியில் பதினொரு வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவள். தையல் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், காலர் நுனி ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. டெய்லர்கள் வயிற்றெரிச்சலில் ‘கழுகு’ என்று பெயர் வைத்தார்கள். நாளாக நாளாக அதில் மரியாதை சேர்ந்து கழுகக்கா ஆயிற்று. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் மிச்சமிருந்தது. ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையே மெஷின்களையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பட்டியலில் இருந்த அந்தப் பெயரும் அன்றோடு போயிற்று.

புருஷன் டர்னர், லேத்தில் இரும்பு கடைகிறவர். ஒரே லேத் பட்டறையில் பத்தொன்பது வருஷம். பட்டறையில் அவரையும் சேர்த்து நாலு பேர். ஒரு பெரிய கம்பெனிக்குப் பாகங்கள் கடைந்து கொடுப்பது அவர்கள் பிழைப்பு. அன்று சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு, சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த அந்தத் தாளை எடுத்து அவள் மடியில் போட்டார்.

“படிச்சுப் பாரு. உனக்குன்னே அச்சடிச்ச மாதிரி இருக்கு.”

இயந்திரக் கடைசல், துல்லிய அளவீடு. ஆறு மாதப் பயிற்சி. கட்டணம் இல்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு, வயது வரம்பில்லை, வேலை உறுதி. பெண்களுக்கு முன்னுரிமை.

“நாப்பத்தொரு வயசுல புத்தகப்பையா?” என்றாள்.

“நீ ஊசி பாத்த கண்ணுல மைக்ரோமீட்டர் பாக்கப்போற. அவ்வளவுதான வித்தியாசம்? சட்டைன்னா ஒரு நூல் சாஞ்சா எவனும் சாகமாட்டான். இங்க ஒரு நூல்ல பாதி சாஞ்சாலும் வண்டி நின்னுடும். உன்னை மாதிரி ஆளுக்கு அங்கதான் மதிப்பு.”

ஒன்பதாவது படிக்கிற மகள் கைதட்டினாள். “அம்மா ஸ்கூலுக்குப் போறாங்க!”

பயிற்சி மையம் பழைய குடோன் ஒன்றில் இருந்தது. பன்னிரண்டு லேத்துகள், இரண்டு மில்லிங் மெஷின்கள், கண்ணாடி போட்ட ஓர் அளவறை. அளவறையில் எப்போதும் இருபது டிகிரிக் குளிர். உள்ளே போகிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். சேர்ந்தவர்கள் இருபத்தாறு பேர். கற்றுக்கொடுத்தவள் முப்பதுகூட ஆகாத ஒரு பெண். எல்லாரும் மிஸ் என்றார்கள். நகத்தைக் கடித்துக்கடித்து விரல்நுனியெல்லாம் சிவந்திருக்கும். ஆனால் சொல்லிக்கொடுப்பதில் ஒரு பிசிறு இருக்காது.

ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மைக்ரான் என்று மிஸ் முதல்நாள் சொன்னபோது, பாதிப் பேர் கதை கேட்பதுபோலக் கேட்டார்கள். கழுகக்காவுக்கு மட்டும் உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமும் கண்ணால் கண்டுபிடித்துக்கொண்டிருந்த கோணலுக்கெல்லாம் ஓர் எண் உண்டா? மைக்ரோமீட்டரைக் கையில் வாங்கி, கடைசித் திருகை மூன்று கிளிக் வரைக்கும் மெல்லத் திருப்பி எண்ணைப் படிக்க அவளுக்கு இரண்டே நாள் பிடித்தது. மூன்றாம் வாரம், ஒரே உருளையை இருபத்தாறு பேரும் அளந்தார்கள். மற்ற இருபத்தைந்து பேருக்கு இருபத்தைந்து எண் வந்தது. அவளுக்கும் மிஸ்ஸுக்கும் மட்டும் ஒரே எண்.

“அக்கா, இது பயிற்சியில வர்ற கை இல்ல,” என்றாள் மிஸ்.

அந்த மூன்று மாதம் அவள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று சொன்னால் தப்பில்லை. பதினேழு வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டின்போது இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் மகளின் படிப்பு, தண்ணீர், வீட்டு ஓட்டையுடைசல். இப்போது இருவருக்கும் ஒரே பாஷை கிடைத்துவிட்டது. லேத்திலிருந்து இறக்கிய சூட்டோடு பாகத்தை அளக்கக்கூடாது, ஒரு மணிநேரம் ஆறவைக்க வேண்டும் என்றாள் ஒருநாள்.

“நாங்க சூட்டோடதான் அளக்கறோம். பத்தொம்பது வருஷமா எந்தப் பீஸும் திரும்பி வந்ததில்ல.”

“சூட்டுல பெருசாக் காட்டும்.”

“தெரியும். அதை மனசுலயே கழிச்சுக்குவோம். கோவத்துல இருக்கற மனுசன் பேச்சக் கழிச்சுக்கற மாதிரி.”

“மனுசன் தலைமுடி எழுபது மைக்ரான் தடிமனாம், தெரியுமா?”

“அளந்து பாத்தியா?”

“பாக்கலாம்னுதான் நெனச்சேன். உங்க தலையில முடிய எங்க போய்த் தேடறது?”

மகள் சிரித்துப் புரையேறிவிட்டாள். டர்னர் வழுக்கையைத் தடவிக்கொண்டு, “எல்லாம் இரும்புத்தூள்ல போச்சு” என்றார்.

நாலாவது மாதம் பாடம் குறைந்து செய்முறை கூடியது. பன்னிரண்டு லேத்திலும் ஒரே பாகம். இரும்பு புஷ், ஓட்டை போட்ட சின்னக் குழாய்த்துண்டு மாதிரி இருக்கும். வெளிவிட்டம் முப்பத்தொன்று புள்ளி எட்டு ஐந்து மில்லிமீட்டர். அதிலிருந்து இருபது மைக்ரான் குறையலாம், ஒரு மைக்ரான்கூட ஏறக்கூடாது. விளிம்பிலிருந்து பதினொன்றரையில் சுற்றிலும் ஒரு பள்ளம், காடி என்பார்கள். கை பழகுவதற்காக என்றார்கள். ஒரு நாளைக்கு இருநூறு. கழுகக்காவை லேத்திலிருந்து எடுத்து அளவறையில் உட்காரவைத்தார்கள். அளவு சரியாக இருந்தால் பச்சை டிரே, தவறினால் சிவப்பு டிரே. சிவப்பு பழைய இரும்புக்குப் போகும். பச்சை எங்கே போகிறது?

“மதிப்பீட்டுக்கு அனுப்பறாங்க,” என்றாள் மிஸ், நகத்தைக் கடித்தபடி.

“தினம் நூத்தம்பதையா?”

மிஸ் வகுப்புக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனாள்.

அதே மாதம் டர்னர் சீக்கிரம் சீக்கிரமாக வீட்டுக்கு வரத் தொடங்கினார். முதலில் வாரத்தில் இரண்டு நாள், பிறகு தினமும். பட்டறையில் இரண்டு பேரை நிறுத்தியாயிற்று. ஒரு ராத்திரி தட்டின் முன் உட்கார்ந்து சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தார்.

“பெரிய கம்பெனி ஆர்டர நிறுத்திட்டான். எவனோ பாதி விலைக்குக் குடுக்கறானாம். பாதி விலைக்கு இரும்பு வாங்கலாம், சரி. அதைக் கடையற ஆளுக்கு எவன் குடுப்பான்? எந்தப் பைத்தியக்காரன் கூலியில்லாம லேத்துல நிப்பான், சொல்லு?”

“என்ன பீஸ்?” என்று கேட்டாள். கேட்டிருக்கவேண்டாம்.

“புஷ்தான். நான் கண்ண மூடிட்டுக் கடைவேனே, அது. முப்பத்தொண்ணு புள்ளி எட்டு…”

“அஞ்சு,” என்று அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்தார். “உனக்கெப்படித் தெரியும்?”

“தூக்கத்துல உளறிட்டே இருப்பீங்க. பக்கத்துல படுத்திருக்கறவளுக்குத் தெரியாதா?”

அவர் நம்பினார். நம்பியதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு, அடுப்பைத் துடைக்கிற சாக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தினமும் அவள் கையால் பச்சை டிரேயில் போட்ட ஒவ்வொன்றும் அவர் தட்டிலிருந்து எடுத்ததுதான் என்பது அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று ஊரில் கேலி பேசுவதுண்டு. இவர்களுக்கு அந்தச் செலவைக்கூட வைக்கவில்லை. இலவசமாகவே வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் டர்னருக்கும் வேலை போயிற்று. பட்டறை முதலாளி அழுதாராம். அவரே ஒரு லேத்தை வைத்துக்கொண்டு மற்றதை விற்கப்போகிறாராம்.

தட்டின் முன் அவர் புலம்பிய ராத்திரியிலிருந்து கழுகக்கா பத்து நாள் வாயைத் திறக்கவில்லை. தினமும் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போய் அளந்தாள். பாவத்துக்குப் பரிகாரம்போல, முன்னைவிடக் கண்டிப்பாக அளந்தாள். ஒரு மைக்ரான் மிஞ்சினாலும் சிவப்பு. அப்படியும் பச்சை டிரே நிறைந்துகொண்டுதான் இருந்தது. இருபத்தாறு பேருக்கும் கை பழகிவிட்டதே.

பதினோராம் நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. குடையோடு அவளைக் கூட்டிப்போக வந்த டர்னர், முன்கேட் பூட்டியிருந்ததால் பின்பக்கம் சுற்றி வந்தார். அங்கே அந்தப் பெரிய கம்பெனியின் வேன் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் மரப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வெளியே வந்தபோது குடை மடித்தபடி அவர் கை இடுக்கில் இருந்தது. தலை நனைந்துகொண்டிருந்தது. கையில் ஒரு புஷ்ஷை வைத்துக்கொண்டு அதன் காடியைக் கட்டைவிரலால் தடவித்தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அளந்ததா?”

“ஆமா.”

“தெரிஞ்சேவா?”

“மொதல்ல தெரியாது. இப்ப பத்து நாளாத் தெரியும்.”

“இதுவரைக்கும் எத்தனை?”

“ஆறாயிரத்துக்கு மேல.”

“எத்தனை தள்ளின?”

“ஆயிரத்து நூறு.”

அவர் முகத்தில் என்னவோ ஓடியது. “ஆயிரத்து நூறா? என் சர்வீஸ்லயே நான் நூறு தள்ளினதில்ல.” புஷ்ஷைப் பெட்டியில் திரும்பப் போட்டார். எறியவில்லை. முனை அடிபடாமல் மெதுவாக வைத்தார். பிறகு குடையை விரித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் நனைந்துகொண்டே நடந்தார்.

மறுநாள் அவள் மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் குரலை உயர்த்தாத மனிதர். எதைக் கேட்டாலும் முதலில் உட்காரச் சொல்வார்.

“கட்டணம் இல்லைன்னு போட்டிருந்தோம். அதுல ஏதாவது பொய் இருக்காம்மா? உங்ககிட்ட ஒத்தை ரூபாய் வாங்கினோமா?”

“எங்க வேலைய வாங்கினீங்களே சார்.”

“அது பயிற்சி. மெஷின் கம்பெனி குடுத்தது, இரும்பு கம்பெனி குடுத்தது. மத்தியானம் நீங்க சாப்பிடறதும் அவங்க குடுக்கறதுதான். இலவசம்னா அது வானத்துலேந்தா கொட்டும்? யாரோ ஒருத்தர் குடுத்தாத்தானே?”

“குடுத்தது எங்க வீட்டுக்காரர்,” என்றாள். “வேலை போய் வீட்டுல உக்காந்திருக்கார்.”

மேனேஜர் மேஜைமேல் இருந்த பேனாவை நேராக்கினார். “எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. நீங்க விலகறதானா விலகலாம். ஆனா நான் வேற ஒண்ணு சொல்லலாம்னு நெனச்சுட்டிருந்தேன். அடுத்த மாசம் சர்ட்டிபிகேட் குடுத்ததும், அளவறைக்கு உங்களையே இன்சார்ஜா போடலாம்னு இருக்கோம். மாசச் சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. வீட்டுல ஒருத்தராவது சம்பாதிக்கணுமில்ல?”

ஒரு பிடி மண்ணைத் தூற்றிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆயிரம் நியாயம் கேட்டிருக்கலாம். அவள் கேட்டது ஒன்றுதான்: “எப்ப சேரணும் சார்?” அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது டர்னர், “நல்லதுதான்” என்றார். நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

டர்னர் வேலை தேடி அலைந்தார். பெரிய கம்பெனி கேட்டிலேயே போய் நின்றார். இத்தனை வருஷம் உங்களுக்குத்தான் கடைந்து கொடுத்தேன் என்றார். அங்கிருந்த ஆபீசர் தன்மையாகத்தான் பேசினார். சர்ட்டிபிகேட் இருக்கிறதா? இல்லை. பட்டறை முதலாளி கொடுத்த கடிதம் செல்லாது. அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயிற்சி முடித்தவர்களைத்தான் எடுக்கிறோம். பக்கத்திலேயே ஒரு மையம் இருக்கிறதே, இலவசம்தான், சேர்ந்துகொள்ளுங்களேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் மகள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“சேரப்போறேன்,” என்றார்.

“தெரிஞ்சே போறீங்களா?”

“தெரியாம போனது நீ. தெரிஞ்சு போறது நான். ஒரு வீட்டுல ரெண்டும் இருக்கட்டுமே.”

அப்படித்தான் நாற்பத்தாறு வயதில் டர்னர் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். லேத்தின் பாகங்களை மிஸ் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்ல, மற்றவர்களோடு சேர்ந்து அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் யார் என்று தெரிந்ததிலிருந்து மிஸ் அவர் பக்கம் பார்த்துப் பாடம் நடத்துவதில்லை. கழுகக்கா கண்ணாடிக்கு இந்தப்பக்கம் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் பயிற்சி பெறுகிறவர்களுக்கு ஒரு வரிசை, ஊழியர்களுக்கு ஒரு வரிசை. ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

அந்தத் தடவை நாலு மாதம் காத்திருக்கவில்லை. இரண்டாவது மாதமே புஷ் வந்துவிட்டது. அதற்குக் காரணம் டர்னர்தான். மற்றவர்கள் பதினைந்து கடைகிற நேரத்தில் அவர் நாற்பது கடைந்தார். நாற்பதும் ஒன்றுக்கொன்று ஐந்து மைக்ரானுக்குள் இருந்தன. அவர் டிரே அளவறைக்கு வந்தால் அவளுக்கு எண்ணைப் படிக்காமலே தெரிந்துவிடும். விரலிடுக்கில் உருட்டும்போதே ஓர் அமைதி. வேண்டாவெறுப்பாகச் செய்கிற வேலையில்கூட அவருக்குத் தப்பாகக் கடையத் தெரியவில்லையே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. கண்ணாடிப் பக்கம் பார்க்காமலே டிரேயை நகர்த்திவைப்பாள்.

“உங்க வீட்டுக்காரர் ஒருத்தரே மூணு ஆளுக்குச் சமம்மா,” என்றார் மேனேஜர்.

அந்தப் பாராட்டுத்தான் வினையாயிற்று. ஆறு மாதம் முடிகிற வாரம் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, ஒரு தாளை நகர்த்தினார். டர்னரின் மதிப்பீட்டுத் தாள். கடைசல் நன்று. எழுத்துத் தேர்வு போதுமானது. அளவீடு என்ற இடத்தில் ‘மைக்ரோமீட்டர் பிடிக்கும் முறை சரியில்லை. மறுபயிற்சி ஆறு மாதம்’ என்று டைப் அடித்திருந்தது. கீழே, அளவறைப் பொறுப்பாளர் கையெழுத்துக்கு வெற்றிடம்.

“இது பொய் சார்.”

“தெரியும்மா. ஆனா இந்த வருஷம் கம்பெனிக்குக் குடுக்கவேண்டிய எண்ணிக்கை கூடிப்போச்சு. அவர் போயிட்டா என்னால சமாளிக்க முடியாது. எண்ணிக்கை குறைஞ்சா அவங்க மையத்தையே மூடிடுவாங்க. அப்ப உங்க வேலையும் இல்ல, மிஸ் வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல. ஆறு மாசம்தானே? அவர் எங்க ஓடிப்போறார்?”

அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதம் மகளுக்குப் பரீட்சை. வீட்டில் ஒரே சம்பளம். பதினொரு வருஷத்தில் ஒரு கோணல் சட்டையைக்கூட அவள் சரி என்று விட்டதில்லை. இன்றைக்கு, நேராக இருக்கிற ஒரு மனிதனைக் கோணல் என்று எழுத வேண்டும். பேனாவை எடுத்தாள். கையெழுத்து வழக்கமாக வருவதைவிடச் சின்னதாக வந்தது.

வேறு யார் வாயாலாவது தெரிவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று, சாயங்காலம் அவர் கை கழுவிக்கொண்டிருக்கும்போதே சொன்னாள். எண்ணெய் போவதற்காகச் சோப்போடு மரத்தூளைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன காரணம் போட்டிருக்கு?”

சொன்னாள்.

“கீழ யார் கையெழுத்து?”

அதையும் சொன்னாள்.

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் இரண்டு கையையும் வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித்திருப்பிப் பார்த்தார், அந்தக் கைகளை இப்போதுதான் யாரோ கொண்டுவந்து மாட்டிவிட்டதுபோல. வாசலில் நின்றிருந்த மகளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“அப்பா ஃபெயிலா?”

“ஆமா,” என்றார். “அம்மா போட்டுட்டாங்க.”

அதற்குப் பதிலாக ஓர் அறை விட்டிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை காலை டர்னர் வழக்கம்போல வேலைக்கு நின்றார். மத்தியானம் அவருடைய முதல் டிரே அளவறைக்கு வந்தது. ஆறவைத்து, முதல் புஷ்ஷை எடுத்து மைக்ரோமீட்டரில் வைத்தாள். முப்பத்தொன்று புள்ளி எட்டு பூஜ்யம். இருக்கவேண்டிய கீழ் எல்லைக்கும் முப்பது மைக்ரான் குறைவு. கைதவறியிருக்கும் என்று அடுத்ததை எடுத்தாள். அதுவும் முப்பது குறைவு. அதற்கு அடுத்ததும் அப்படியே. கருவியில் கோளாறோ என்று சந்தேகப்பட்டு, பெட்டியிலிருந்து நிலை அளவுக்கட்டையை எடுத்துச் சரிபார்த்தாள். கருவி சரியாகத்தான் இருந்தது. நாற்பதையும் அளந்தாள். நாற்பதும் முப்பது மைக்ரான் குறைவு, ஓரிரண்டு மைக்ரான்தான் இப்படி அப்படி.

கற்றுக்குட்டியின் தப்பு என்றால் ஒன்று பத்து குறையும், ஒன்று ஐம்பது ஏறும். நாற்பதையும் ஒரே அளவு தப்பாகக் கடைய இந்தக் கூரைக்குக் கீழே ஒரே ஓர் ஆளால்தான் முடியும். விட்டம் கூடியிருந்தாலாவது மறுபடி கடைந்து சரிசெய்யலாம். குறைந்த இரும்பை எவனாலும் ஒட்டவைக்க முடியாது. கண்ணாடி வழியே பார்த்தாள். அவர் லேத்தின்மேல் குனிந்திருந்தார். இந்தப்பக்கம் திரும்பவில்லை.

நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சிவப்பு டிரேயில் அடுக்கினாள். செவ்வாயும் நாற்பது. புதனும் நாற்பது. புதன் மத்தியானம் மேனேஜரே அளவறைக்கு வந்துவிட்டார். ஸ்வெட்டர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

“என்னம்மா இது, மொத்தமும் சிவப்புல கெடக்கு?”

“அளவு இல்ல சார்.”

“நாப்பதுமா?”

“நூத்திருபது. திங்கக்கெழமைலேந்து.”

மேனேஜர் வாழ்க்கையிலேயே முதல்தடவையாகக் குரலை உயர்த்தி டர்னரைக் கூப்பிட்டார். டர்னர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார். பயிற்சிக்கு வந்தவர்கள் மெஷின்களை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“வேணும்னேதானே செய்யறீங்க?”

“ஐயோ, இல்ல சார்,” என்றார் டர்னர். “எனக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கத் தெரியாதுன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. தெரியாதவன் கையில வேற எப்படி சார் வரும்? ஆறு மாசம் டைம் குடுத்திருக்கீங்க இல்ல, கத்துக்கறேன்.”

யாரோ பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. மேனேஜருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த மனிதரை வெளியேற்றவும் முடியாது. பாதியில் நின்றவர்கள் எண்ணிக்கை ஏற்கெனவே அதிகம், மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள். வைத்துக்கொள்ளவும் முடியாது. தினம் நாற்பது இரும்பு வீணாகும்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவள் ஒரு வருஷத்துக்குப் பிறகு மனம் லேசாகி, அவர் பக்கத்தில் ஒட்டி நடந்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

“சரி, அது என்ன முப்பது? அஞ்சு மைக்ரான் கொறைஞ்சாலே நான் தள்ளிடப்போறேன். எதுக்கு அவ்வளவு வெட்டணும்?”

அவர் நடையை நிறுத்தாமல் சொன்னார்: “அஞ்சு பத்துன்னா, அவங்க சொன்னாங்கன்னு நீ பாஸ் போட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

அவர் அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதுபோலச் சொன்னார். அவள் மெல்லப் பின்தங்கினாள். மீதித் தூரம் ஒரு கையகல இடைவெளியிலேயே நடந்தாள்.

பத்தாம் நாள் டர்னருக்குச் சர்ட்டிபிகேட் வந்தது. மூன்றாம் தரத் தேர்ச்சி. பத்தொன்பது வருஷம் நூறு பீஸ்கூடத் தள்ளாத மனிதருக்கு மூன்றாம் தரம். மேனேஜர் கை குலுக்கித்தான் கொடுத்தார், சீக்கிரம் கிளம்புங்கள் என்கிற குலுக்கல். டர்னர் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு மறுநாளே பெரிய கம்பெனி கேட்டுக்குப் போனார். அதே ஆபீசர்தான் இருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

“சர்ட்டிபிகேட் சரியா இருக்கு. ஆனா இப்ப டர்னர் யாரையும் எடுக்கறதில்லைங்க. லேத் செக்‌ஷனையே மூடிட்டோம். பாகமெல்லாம் வெளியிலேந்து வாங்கிக்கறோம்.”

எந்த வெளியிலிருந்து என்று டர்னர் கேட்கவில்லை.

இப்போது அவர் ஒரு வெல்டிங் கடையில் இருக்கிறார். ஜன்னல் கம்பிகள், கேட்டுகள். அங்கே டேப் வைத்து அளப்பார்கள். அரை சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் சுத்தியலால் ஒரு தட்டு. சர்ட்டிபிகேட்டை யாரும் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது மகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். தண்ணீர் வந்ததா என்று பேசுகிறார்கள். வேலையைப் பற்றி அவரும் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை. அவளுக்குச் சம்பளம் ஒருதரம் உயர்ந்தது. அதையும் மகளிடம்தான் சொன்னாள்.

போன மாதம் புது அணி வந்தது. முப்பது பேர். மிஸ் ஒரு புதிய வரைபடத்தைக் கொண்டுவந்து கழுகக்காவின் மேஜையில் வைத்தாள். புஷ் இல்லை. ஒரு சின்னத் தண்டு, இரண்டு முனையிலும் படி, நடுவில் நீளவாக்கில் ஒரு காடி. வரைபடத்தின் மூலையில் பெயர் இருந்த இடத்தை வெட்டிவிட்டு நகல் எடுத்திருந்தார்கள்.

“இது யாரோடது மிஸ்?”

“கம்பெனியோடதுதான்.”

“அதில்ல. இதுக்கு முன்னாடி இதை யார் கடைஞ்சுட்டிருந்தாங்க?”

மிஸ் விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். கடிக்க நகம் இல்லை.

“தெரியலக்கா. கேக்காதீங்க.”

முதல் டிரே பதினோரு மணிக்கு வந்தது. தொட்டால் இன்னும் சூடாக இருந்தது. ஆறட்டும் என்று மேஜையில் பரப்பிவைத்துவிட்டு, ஸ்வெட்டரின் கைக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு ஒரு மணிநேரம் உட்கார்ந்திருந்தாள். எங்கேயோ ஒரு பட்டறையில் இந்த வாரம் யாரையோ சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் தட்டின் முன் உட்கார்ந்து, எவனோ பாதி விலைக்குக் கொடுக்கிறானாம் என்பார். மணியைப் பார்த்தாள். முதல் தண்டை எடுத்துத் துணியால் துடைத்து, மைக்ரோமீட்டரில் வைத்து, மூன்று கிளிக் திருப்பினாள்.

அளவு சரியாக இருந்தது. பச்சை டிரேயில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.